சோழமண்டலக் கரையில் இஸ்லாம் வேரூன்றிய தடங்கள்: ஒரு தொல்லியலாளரின் பணி அனுபவம்

ஒரு மார்க்கம் ஓர் ஊருக்குள் வந்து வேரூன்றியதை மண்ணில் எதைப் பார்த்து அறிவது என்ற கேள்வியோடுதான் என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. நான் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகரில். தொல்லியல் கற்பித்தது புதுச்சேரியில். ஆய்வு செய்தது பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர் எனத் தொடங்கித் தெற்கே கீழக்கரை, காயல்பட்டினம் வரை நீளும் கரையோர ஊர்களில். இடைக்காலத்தில் இஸ்லாம் தமிழ்க் கரைக்கு எவ்வாறு வந்தது, இங்குள்ள மக்களின் அன்றாட வாழ்வாக எவ்வாறு ஆயிற்று என்பதைக் கட்டடங்கள், கல்லறைகள், பானை ஓடுகள், எலும்புத் துண்டுகள் ஆகியவற்றின் வழியே அறிய முயல்வதே என் வேலையாக இருந்தது. இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் இப்போதும் வீடு தேடி வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னவற்றையும் சொல்ல நேரம் போதாமல் விட்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்று. ஒரு பொருள் வந்து சேர்வதும், அதைக் கொண்டுவந்த மனிதர்கள் தங்குவதும், அவர்களுடைய நெறியை உள்ளூரார் தமதாக்கிக்கொள்வதும் மூன்று வெவ்வேறு நிகழ்ச்சிகள். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்குக் காட்டுவதே இத்துறையில் மிகுதியாக நடக்கும் பிழை. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை எடுத்துக்கொள்வோம். 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அங்கே அகழ்ந்தனர். உரோமானியத் தொடர்பினால் அவ்விடம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அங்கேயே சோழர் காசுகளும் சீனப் பச்சைப் பீங்கான் ஓடுகளும் கிடைத்துள்ளன. அந்த இடைக்காலப் பொருள்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம், உரோமானியச் சாடிகளுக்கு முன் அவர்கள் நிற்கும் நேரத்தில் பாதியையாவது மற்ற பொருள்களுக்கு ஒதுக்கச் சொல்வேன். சீனப் பீங்கானைக் கொண்டுவந்த கப்பலில் அரபு வணிகர் இருந்திருக்கலாம், தமிழ்ச் செட்டி இருந்திருக்கலாம், இருவரும் இருந்திருக்கலாம். ஓடு கிடைத்ததைக் கொண்டு ஊரில் பள்ளிவாசல் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

மனிதர்கள் தங்கியதற்கு எழுத்துச் சான்றுகள் வலுவானவை. கி.பி. 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துச் செப்பேட்டில், மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழுவான அஞ்சுவண்ணமும், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவும் இடம்பெறுகின்றன. சாட்சிகள் கூஃபி அரபு எழுத்திலும், பழைய பாரசீகரின் பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் தீர்த்தாண்டதானபுரத்துக் கல்வெட்டு, 1269ஆம் ஆண்டளவில், அஞ்சுவண்ணத்தாரைப் பிற வணிகக் குழுவினரோடு ஒரே அவையில் காட்டுகிறது. எனக்கு எல்லாவற்றினும் அருமையாகத் தோன்றுவது, பவித்திரமாணிக்கப்பட்டினத்திலிருந்த சோனகச் சாமந்தப் பள்ளி என்னும் பள்ளிவாசலுக்குப் (சோனகர் என்பது முஸ்லிம்களைக் குறித்த பழைய சொல்) பாண்டிய மன்னர் நிலம் விட்ட செய்தி. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்செய்தி, இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பள்ளிவாசலின் வரலாற்றைத் தேடுபவர் கோயில் சுவரையும் படிக்க வேண்டியிருக்கிறது என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்தது 1311இல். மதுரைச் சுல்தானகம் தோன்றியது 1330களில். ஆக, வடக்கிலிருந்து படை வருவதற்கு ஏறத்தாழ 460 ஆண்டுகளுக்கு முன்பே தென்கரைப் பட்டினமொன்றின் ஆவணத்தில் முஸ்லிம் வணிகர்கள் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மாலிக் காஃபூர் படையெடுப்பை எழுதிய தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரூவே, பாண்டியர் பக்கம் நின்ற முஸ்லிம்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். இந்தக் கால வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளாமல் இத்துறையில் ஒரு வரியும் எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மூன்றாவது நிகழ்ச்சி, அதாவது நெறி வேரூன்றுவது, கல்வெட்டில் எழுதப்படுவதில்லை. அதற்கு வீட்டுக் குப்பையையும் கல்லறையையும் பள்ளிவாசலின் அடித்தளத்தையும் பார்க்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்பதை நான் கற்றது பெரும்பாலும் ஆப்பிரிக்க அகழாய்வு அறிக்கைகளிலிருந்துதான். கென்யக் கரையின் லாமு தீவுக் கூட்டத்திலுள்ள ஷங்காவில் மார்க் ஹார்ட்டன் அகழ்ந்தபோது, பிற்காலக் கல் பள்ளிவாசலுக்கு அடியில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பழைய பள்ளிகள் வெளிப்பட்டன. அடியிலிருந்தது 8ஆம் நூற்றாண்டளவிலான மரக் கட்டடம். அதில் எஞ்சியிருந்தவை கம்பம் நட்ட குழிகளின் தடங்களே. உள்ளூரில் எல்லோரும் வீடு கட்டிய அதே மரத்தாலும் ஓலையாலும் முதல் பள்ளியும் கட்டப்பட்டிருக்கிறது. கல்லால் கட்டிய பள்ளியை மட்டுமே தேடுகிறவருக்கு முதல் சில தலைமுறைகள் கண்ணில் படவே மாட்டா. மாலி நாட்டின் காவோவில் நிலை வேறு. அங்கே கி.பி. 1100ஐ ஒட்டிய அரச கல்லறைகளுக்கு எசுப்பானியாவின் அல்மேரியாவிலிருந்து சகாரா பாலைவனம் கடந்து பளிங்குக் கற்கள் வந்திருக்கின்றன. ஓரிடத்தில் எளியோரின் வழியாகவும் ஓரிடத்தில் அரசவையின் வழியாகவும் ஒரே மார்க்கம் பரவியிருக்கிறது. தொல்லியலாளர் டிமொத்தி இன்சோல் போன்றோர் காவோவிலும் பஹ்ரைனிலும் எத்தியோப்பியாவின் ஹர்லாவிலும் செய்த வேலைகளைப் படித்த பிறகுதான், நம் கரைக்கென்று தனியாக எந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாயிற்று. தமிழகத்தை ஆய்பவர் தமிழகத்தைப் பற்றி மட்டும் படித்தால் போதாது.

கல்லறைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முஸ்லிம் அடக்கத்தில் உடல் வலப்பக்கம் சாய்த்து, முகம் மக்காவை நோக்குமாறு வைக்கப்படுகிறது. நம் கரையில் மக்கா மேற்கே இருப்பதால் தலை வடக்கிலும் கால் தெற்கிலும் முகம் மேற்கிலும் அமையும். ஷங்கா போன்ற கிழக்காப்பிரிக்க ஊர்களுக்கு மக்கா வடக்கே இருப்பதால் அங்கே கிடப்பே மாறிவிடும். கணக்கிட்டுப் பார்த்தால் புதுச்சேரியிலிருந்து கிப்லா, அதாவது மக்காவை நோக்கிய தொழுகைத் திசை, நேர் மேற்கிலிருந்து 20 பாகை அளவு வடக்கே சாய்ந்திருக்கிறது. பழைய பள்ளிகளும் கல்லறைகளும் இந்தக் கணக்கோடு எப்போதும் பொருந்துவதில்லை. சூரியன் மறையும் திசை, ஏற்கெனவே இருந்த தெருவின் போக்கு, அருகிலிருந்த முந்தைய பள்ளி என ஏதேனும் ஒன்றைப் பின்பற்றிக் கட்டியிருப்பார்கள். அந்த வேறுபாடே நமக்குச் செய்தி. ஆகவே ஒவ்வொரு கட்டடத்தின் திசையையும் அளந்து பதிவு செய்ய வேண்டும். சுவரில் இரும்புக் கம்பி இருந்தால் காந்த ஊசி விலகிவிடும் என்பதால், சுவரின் இரு முனைகளிலும் செயற்கைக்கோள் வழி ஆயத்தொலைகளைக் குறித்து அவற்றிலிருந்து திசையைக் கணிப்பதே நம்பகமானது.

பயன்பாட்டிலுள்ள மையவாடியில் (முஸ்லிம்களின் அடக்கத்தலத்தில்) மண்வெட்டி படக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. அறிவியலின் பெயரால்கூட ஒருவருடைய முன்னோரின் உறக்கத்தைக் கலைக்கும் உரிமை நமக்கில்லை. அதற்குத் தேவையும் இல்லை. கல்லறையின் மேலே நட்டிருக்கும் மீஸான் கற்களிலேயே ஓர் ஆய்வாளரின் வாழ்நாளுக்குப் போதுமான செய்தி இருக்கிறது. கல்லின் வகை, அது எங்கிருந்து வந்தது, எந்த எழுத்து, எந்த ஆண்டு, ஆணா பெண்ணா, தந்தை பெயர் அரபா தமிழா என்று அட்டவணையிட்டுக்கொண்டே போனால், தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் மாறிவந்த வழி தெரியும். இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவில், பாசை என்னும் துறைமுக அரசில், 1297இல் மறைந்த சுல்தான் மாலிக் அஸ்ஸாலிஹின் கல்லறைக் கல், அந்த வட்டாரத்தில் முஸ்லிம் அரசு தோன்றிய காலத்தை உறுதிசெய்ய உதவியது. அத்தகைய ஒரு கல் நம் கரையில் எந்த வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறதோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

கல்லைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் கட்டியால் எழுத்தை நிரப்பக் கூடாது, எண்ணெய் தடவக் கூடாது, அமிலம் ஊற்றிக் கழுவவே கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயில் படும்போது, அல்லது இரவில் விளக்கை ஒரு பக்கமாகப் பிடித்து, பல கோணங்களில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் எழும்பித் தெரியும். பல தலைமுறைகள் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு எழுத்தை மறைத்தாலும் கடற்காற்றிலிருந்து அதைக் காத்தும் வந்திருக்கிறது. சுரண்டும் முன் பலமுறை யோசிக்க வேண்டும். கற்களில் காணும் ஹிஜ்ரி ஆண்டு, அதாவது முஸ்லிம் நாட்காட்டியின் ஆண்டு, சந்திர ஆண்டு. அது 354 அல்லது 355 நாள்களே கொண்டது. ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறத்தாழக் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டவர் மறைந்த ஹிஜ்ரி 978ஐ இவ்வாறு கணக்கிட்டால் 1570 வருகிறது. மாதமும் நாளும் தெரிந்தால் உரிய அட்டவணையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

எலும்புகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. குடியிருப்பின் ஓர் அடுக்கில் பன்றி எலும்பு இருந்து, அடுத்த அடுக்கில் இல்லாமல் போனால், சமய மாற்றத்தின் அடையாளமாக அதைக் காட்டும் ஆசை எழும். ஆனால் நம் கடற்கரையில் மீனே முதன்மை உணவு. பன்றியை உண்ணாத பிற சமூகத்தாரும் அதே பட்டினத்தில் வாழ்ந்தார்கள். ஹலால் முறையில் அறுத்தது எலும்பில் எப்போதும் தடம் விடுவதில்லை. எனவே எலும்புச் சான்று தனியாக நிற்காது. கல்லறையோடும் கட்டடத்தோடும் எழுத்தோடும் சேர்த்தே அதை எடைபோட வேண்டும். மண்ணை நீரில் அலசிச் சிறுகண் சல்லடையில் சலிக்காத அகழாய்வில் மீன் முள்ளும் சிறு எலும்பும் கிடைக்காது. நம் நாட்டின் பல அகழாய்வுகளில் இந்த வேலை இன்னும் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பரங்கிப்பேட்டைக்கு வருகிறேன். வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில் இருக்கும் இந்த ஊருக்கு மஹ்மூது பந்தர் என்றும் பெயர். ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்றார்கள். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இங்கே வணிகம் செய்தார்கள். 1781 ஜூலை 1ஆம் நாள் ஹைதர் அலிக்கும் அயர் கூட் என்னும் ஆங்கிலேயத் தளபதிக்கும் போர் நடந்ததும் இங்கேதான். நூல்கள் இவற்றையே பேசுகின்றன. இந்த ஊரின் மரக்காயர்கள் என்னும் தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்கள் சொந்தக் கப்பல்களில் கடல் கடந்து வணிகம் செய்த வரலாறோ ஊராரின் நினைவிலும், பள்ளிகளிலும், தர்காக்களிலும் இருக்கிறது. மாலுமியார் தர்காவில் அடங்கியிருப்பவர் ஒரே நேரத்தில் தம் கப்பல்கள் அனைத்திலும் தலைவராகக் காட்சி தந்தார் என்று சொல்லுவார்கள். அரைக்காசு நாச்சியாருக்குக் காணிக்கை மிகச் சிறு தொகையாகவே இருக்க வேண்டும் என்பது மரபு. 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியிலேயே (கெசட்டியரிலேயே) இவ்விரு செய்திகளும் பதிவாகியுள்ளன. இத்தகைய மரபுகளைக் கட்டுக்கதை என்று ஒதுக்கும் ஆய்வாளரும், அப்படியே வரலாறாக எழுதிவிடும் ஆய்வாளரும் ஒரே அளவில் இழக்கிறார்கள். ஒரு கப்பல் தலைவரை வலியாக, அதாவது இறைநேசராக, போற்றும் ஊர் எத்தகைய ஊராக இருந்திருக்கும் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

அந்த ஊரில் எனக்குக் கதவு திறந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆவணங்கள் ஆண்களின் பெயரில் இருந்தாலும் அவை இருந்த பெட்டிகளின் சாவி அவர்களிடம் இருந்தது. அங்கே மூத்த பெண்களை லாத்தா என்று அழைப்பார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். ஒரு முதிய லாத்தா, நான் ஓடுகளைப் பொறுக்கிப் பையில் போடுவதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “ஏம்மா, எங்க வாப்பா கொண்டாந்த பீங்கான் கோப்பை முழுசா உள்ள இருக்கு. அதை உட்டுட்டு உடைஞ்சத எதுக்குப் பொறுக்குற?” என்று கேட்டார். உடைந்தது எந்த மண்ணில் கிடந்தது என்பது எனக்கு முக்கியம் என்று விளக்கினேன். அவர் உள்ளே போய்க் கோப்பைகளோடு அர்வி எழுத்திலிருந்த குடும்பக் குறிப்பேட்டையும் எடுத்துவந்தார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இளம் ஆய்வாளர்கள் அதைக் கற்க வேண்டும் என்று நான் கெஞ்சியே கேட்பேன்.

இத்துறைக்கு எந்த மொழிகள் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டைப் படிக்கும் பயிற்சி முதலில் வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கும் கடல்சார் வரலாற்றுக்கும் துறைகள் உள்ளன. அடுத்தது கல்லறை வாசகங்களைப் படிக்கும் அளவு அரபு. அதை ஊர் மதரசாவில் ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) அமர்ந்து கற்றேன். அரபு கற்றதைவிட அங்கே உட்கார்ந்திருந்ததால் கிடைத்த நம்பிக்கை பிற்காலத்தில் பெரிதும் உதவியது. இந்தியத் தொல்லியல் துறையின் அரபு, பாரசீகக் கல்வெட்டுப் பிரிவு நாகபுரியில் இயங்குகிறது. படியெடுத்த வாசகங்களை அங்குள்ளோரிடம் காட்டிச் சரிபார்ப்பது நல்லது. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு பெரும் வாய்ப்பு உண்டு: 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையமும் இங்கேயே இருக்கின்றன. சுமத்ராவின் பாருஸ் பகுதியிலுள்ள லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. அவ்விடத்தை அகழ்ந்ததும் அந்தத் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியின் ஆய்வாளர்களே. அவர்களின் அறிக்கைகளைப் பிரெஞ்சிலேயே படிக்க முடிந்தது எனக்குப் புதுச்சேரி தந்த கொடை.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். இடைக்கால இஸ்லாமியத் தொல்லியல் என்ற பெயரில் நம் பல்கலைக்கழகங்களில் பணியிடம் தேடினால் கிடைப்பது அரிது. நெட் தேர்வில் தொல்லியலுக்குத் தனித்தாள் உண்டு. அதில் தேர்ச்சி பெற்று, பானை ஓட்டு வகைப்பாடு, அளவீட்டு வரைபடம் போன்ற எந்த அகழாய்வுக்கும் பயன்படும் திறன் ஒன்றில் தேர்ந்திருந்தால், ஒப்பந்தப் பணியிலாவது துறைக்குள் நிற்கலாம். கிரேட்டர் நொய்டாவில் இந்தியத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பும் ஒரு நல்ல வாயில். நானும் பல ஆண்டுகள் பெருங்கற்கால அகழாய்வுகளில் பிறருக்குக் கீழ் வேலை செய்துகொண்டே என் ஆய்வை விடுமுறைகளில் நடத்தினேன். பணம் இல்லாத காலத்தில் மேற்பரப்பாய்வே கைகொடுத்தது. மழைக்காலம் முடிந்தவுடன் ஆற்றங்கரைகளிலும், இறால் குட்டைக்காக வெட்டிய பள்ளங்களின் ஓரங்களிலும் நடந்தால் மண்ணடுக்குகள் தாமே தெரியும். குழி தோண்டுவதற்கோ இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். புதையலாகக் கிடைத்த காசை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊரார் எதையேனும் கண்டெடுத்துக் காட்டினால், அதை வாங்கிக்கொள்ளாமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு இந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

இத்துறையில் இருப்பவரை இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். முழுவதும் வாளால் பரவியது என்று எழுதித் தரக் கேட்பவர்கள் உண்டு. எங்கள் பள்ளி நபிகளார் காலத்திலேயே கட்டப்பட்டது என்று எழுதித் தரக் கேட்பவர்களும் உண்டு. ஒரு கூட்டத்தில் முன்னவரும், ஒரு திறப்பு விழாவில் பின்னவரும் என்மீது கோபப்பட்டார்கள். இருவருக்கும் ஒரே விடைதான் தந்தேன்: இந்தக் கல் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, அதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்பதற்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய கல் பள்ளிகளில், கோயில் மண்டபத்தில் காணும் அதே வகைத் தூண்களும் அவற்றின் உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகைகளும் உருவச் சிற்பம் மட்டும் இன்றி நிற்கின்றன. அவற்றைக் கோயிலிலிருந்து பெயர்த்த தூண்கள் என்று முடிவு கட்டுபவர்களிடம், தூணின் அளவும் கூரையின் அளவும் பொருந்தி வருகின்றனவா, உளி வேலையில் அழித்த தடம் உள்ளதா என்று முதலில் அளந்து பார்க்கச் சொல்வேன். பொருந்தினால் அந்தப் பள்ளிக்கென்றே உள்ளூர்த் தச்சர்கள் செதுக்கியவை என்று கொள்வதே முறை. நெறி வேரூன்றியதற்கு நான் கண்ட சான்றுகளில் இதையே முதலில் வைப்பேன்: பள்ளியைக் கட்டிக்கொண்டவர்கள் வெளியிலிருந்து கட்டடக் கலையை இறக்குமதி செய்யவில்லை, தமக்குத் தெரிந்த கையாலேயே கட்டிக்கொண்டார்கள்.

இப்போது அவசரமான வேலை பதிவு செய்வதுதான். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையும், 2011 டிசம்பர் 30இல் தானே புயலும் இந்தக் கரையைத் தாக்கின. கடலுக்குத் தப்பிய பழைய பள்ளிகள், வெளிநாட்டு வருவாயும் பெருகும் மக்கள்தொகையும் காரணமாக இடிக்கப்பட்டுப் பெரிதாகக் கட்டப்படுகின்றன. தொழுகைக்கு இடம் போதவில்லை என்னும் ஜமாஅத்தின் (ஊர் முஸ்லிம் சமூகத்தின்) தேவை நியாயமானது. அதை எதிர்த்து நிற்பது ஆய்வாளரின் வேலையில்லை. இடிக்கும் முன் ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்கலாம். பள்ளியின் நிர்வாகியான முத்தவல்லியிடம் எழுத்தில் அனுமதி பெற்று, தரைப்படம், தூண்களின் அளவு, தொழுகைத் திசை காட்டும் மாடமான மிஹ்ராபின் திசை, கைகால் கழுவும் குளமான ஹவுளின் ஆழம், அடித்தளம் தோண்டும்போது தெரியும் மண்ணடுக்குகள் ஆகியவற்றைப் பதிந்து, ஒரு படியை ஜமாஅத்திடமும் ஒரு படியை அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்திலும் வைக்க வேண்டும். பரங்கிப்பேட்டையில் சில இளைஞர்கள் இதைச் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்குள் தொடங்கிய பதிவு முடிந்ததும், வெள்ளாற்றைக் கடந்து தென்கரையில் கிள்ளை வரை நடந்து பார்ப்பதாகத் திட்டமிட்டிருக்கிறோம்.